இட ஒதுக்கீடு இல்லாத இடத்தில் சாதிக் கட்டம் எதற்கு?

கடலூர் மாவட்டக் கிராமம் ஒன்றிலிருந்து பொறியியல் பட்டதாரிப் பெண் ஒருவர், தம்பியின் வழக்கு தொடர்பாகச் சென்ற ஆண்டு எங்கள் அலுவலகத்துக்கு வந்திருந்தார். வழக்குக் கட்டைத் தேடி எடுக்கும் வரை காத்திருந்தவர், கைப்பேசியில் ஒரு படிவத்தைத் திறந்து காட்டிச் சந்தேகம் ஒன்று கேட்டார்: “சார், இதுல கம்யூனிட்டின்னு ஒரு காலம் இருக்கு. எஸ்.சி.ன்னு போட்டா பிரைவேட்லயும் கோட்டா உண்டுங்களா?”

அது சென்னையில் இயங்கும் வேலைவாய்ப்பு முகமை ஒன்றின் படிவம். ‘கன்சல்டன்சி’ என்று நாம் அழைக்கிறோமே, அவற்றுள் ஒன்று. பெயர், பட்டம், மதிப்பெண், அனுபவம் ஆகியவற்றோடு தந்தையின் தொழில், சொந்த ஊர், மதம், சாதிப் பிரிவு ஆகியனவும் கேட்கப்பட்டிருந்தன. தனியார் நிறுவனங்களில் இட ஒதுக்கீடு கிடையாது என்று சொன்னோம். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, இரண்டு ஆண்டுகளாக இதைப் போன்ற பல படிவங்களை நிரப்பி வருவதாகவும், ஏதேனும் சலுகை கிடைக்கும் என்று நம்பி அந்தக் கட்டத்தை ஒருமுறைகூட வெறுமையாக விட்டதில்லை என்றும் சொன்னார். அவருக்கு வந்த அழைப்புகள் மிகச் சில.

அழைப்பு வராததற்குச் சாதிதான் காரணம் என்று எங்களால் நிறுவ முடியாது. வேலை கிடைக்காத பட்டதாரிகள் எல்லாச் சாதியிலும் இருக்கிறார்கள். ஆனால் ஒரு கேள்வியை நாம் கேட்டே ஆக வேண்டும். இட ஒதுக்கீடு தரும் கடமை அரசுக்கு உண்டு. ஆகவே அது சாதிச் சான்றிதழ் கேட்கிறது. அந்தக் கடமை எதுவும் இல்லாத ஒரு முகமை, விண்ணப்பதாரரின் சாதியை அறிந்து என்ன செய்யப் போகிறது? பதில் எதுவாயினும் அது விண்ணப்பதாரருக்கு நன்மை பயப்பதாக இருக்க வழியில்லை. எனினும் நம் பிள்ளைகள் அந்தக் கட்டத்தைப் பார்த்ததும், அரசு அலுவலகத்தில் பழகிய நம்பிக்கையோடு அதை நிரப்பிவிடுகிறார்கள்.

முகமைகள் எவ்வாறு பிழைக்கின்றன என்பதிலிருந்து தொடங்குவோம். ஒரு நிறுவனத்துக்கு ஆள் தேவைப்படுகிறது. அது முகமையிடம் சொல்கிறது. முகமை வேலை இணையதளங்களில் விளம்பரம் செய்து, வரும் தன்விவரக் குறிப்புகளில் பத்தையோ இருபதையோ பொறுக்கி நிறுவனத்துக்கு அனுப்புகிறது. ஒருவர் பணியில் சேர்ந்தால், அவரது ஆண்டுச் சம்பளத்தில் ஒரு விழுக்காடு முகமைக்குக் கட்டணமாகக் கிடைக்கும். பரவலாக வழக்கிலிருப்பது 8.33 விழுக்காடு, அதாவது ஒரு மாதச் சம்பளம். சேர்ந்தவர் முதல் சில மாதங்களுக்குள் விலகினாலோ நிறுவனம் அவரை வேண்டாம் என்றாலோ, கட்டணமின்றி வேறோர் ஆளைத் தேடித் தர வேண்டும் என்பதும் பெரும்பாலான ஒப்பந்தங்களில் உண்டு.

இந்த ஏற்பாட்டில் முகமைக்கு இருக்கும் ஒரே அச்சம், தான் அனுப்பும் ஆள் நிராகரிக்கப்படுவது. ஆகவே நிறுவனத்தின் விருப்பு வெறுப்புகளை அது முன்கூட்டியே ஊகித்துக்கொள்கிறது. நிறுவன முதலாளி ‘இன்ன சாதியினரை அனுப்பாதே’ என்று எழுதித் தர வேண்டியதில்லை. ‘நல்ல குடும்பத்துப் பிள்ளையாகப் பாருங்கள்’, ‘நம்ம பக்கத்து ஆளாக இருந்தால் நல்லது’, ‘இங்கே இருப்பவர்களோடு ஒத்துப்போக வேண்டும்’ என்று தொலைபேசியில் சொன்னால் போதும். மீதியை முகமை ஊழியர் தாமே புரிந்துகொள்வார். அவர் கெட்டவராக இருக்க வேண்டிய அவசியமும் இல்லை. மாத இலக்கை எட்டியாக வேண்டிய நெருக்கடியில் இருக்கும், குறைந்த சம்பளம் வாங்கும் இன்னோர் இளைஞராகவே பெரும்பாலும் இருப்பார். விலக்கியது யார் என்று பின்னால் கேட்டால், ‘எங்களுக்கு வந்த பட்டியலில் அவர் பெயரே இல்லை’ என்று நிறுவனம் சொல்லும்; ‘நிறுவனம் கேட்ட தகுதிக்கு ஏற்பத்தான் அனுப்பினோம்’ என்று முகமை சொல்லும். இரண்டும் உண்மையாகவே இருக்கும்.

இவற்றை நாம் ஊகமாக மட்டும் சொல்லவில்லை. பொருளியல் அறிஞர் சுக்தேவ் தோரட்டும் சமூகவியலாளர் பால் அட்டவெல்லும் 2005 அக்டோபர் தொடங்கி 66 வாரங்கள் ஓர் ஆய்வு நடத்தினர். ஆங்கில நாளிதழ்களில் வந்த 548 தனியார் வேலை விளம்பரங்களுக்கு 4,808 விண்ணப்பங்களை அனுப்பினர். படிப்பு, அனுபவம் எல்லாம் ஒப்பானவை. பெயர்கள் மட்டும் வேறு. சாதி இந்துப் பெயர், தலித் பெயர், முஸ்லிம் பெயர் என மூன்று வகை. நேர்காணலுக்கோ எழுத்துத் தேர்வுக்கோ அழைப்பு வந்ததைக் கணக்கிட்டபோது, சாதி இந்துப் பெயரோடு ஒப்பிட, தலித் பெயருக்கு வாய்ப்பு விகிதம் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்காகவும், முஸ்லிம் பெயருக்கு மூன்றில் ஒரு பங்காகவும் இருந்தது. முடிவுகள் 2007இல் வெளிவந்தன. விண்ணப்பதாரரின் முகத்தைக்கூடப் பார்க்காத கட்டத்திலேயே இந்த வேறுபாடு எழுந்துவிட்டது என்பதே இதில் நாம் கவனிக்க வேண்டியது.

சென்னையிலும் இவ்வகை ஆய்வு நடந்திருக்கிறது. ஜாரா சித்திக் 2011இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஒரே எண்ணிக்கையில் அழைப்புகளைப் பெற, தாழ்த்தப்பட்டதாகக் கருதப்படும் சாதிப் பெயர் கொண்டவர் 20 விழுக்காடு கூடுதலாக விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. சிறிய நிறுவனங்களில் இந்தப் பாகுபாடு மிகுதி. எதிர்மாறான முடிவுகளையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அபிஜித் பானர்ஜி உள்ளிட்டோர் டெல்லிப் பகுதியில் நடத்தி 2009இல் வெளியிட்ட ஆய்வில், மென்பொருள் வேலைகளில் சாதி சார்ந்த வேறுபாடு எதுவும் தென்படவில்லை. அழைப்பு மைய வேலைகளில்தான் தென்பட்டது. இதை நாம் இவ்வாறு புரிந்துகொள்கிறோம்: திறமையைத் தேர்வு வைத்து அளக்க முடிகிற வேலையில் சாதி பின்வாங்குகிறது. ‘பேச்சு நடை’, ‘பழகும் விதம்’ என்று அளவுகோலே இல்லாத வேலையில் அது முன்னே வந்து அமர்கிறது. முகமைகள் வழியாக நிரப்பப்படும் விற்பனை, அலுவலக உதவி, வாடிக்கையாளர் சேவை வேலைகளில் பெரும்பாலானவை இந்த இரண்டாம் வகை.

ஒரு மாணவர் இங்கே குறுக்கிட்டுக் கேட்கக்கூடும்: தமிழ்நாட்டில் பெயருக்குப் பின்னால் சாதி இல்லையே, தலைப்பெழுத்து மட்டும்தானே இருக்கிறது, பிறகு எப்படிக் கண்டுபிடிப்பார்கள்? 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டிலிருந்து சாதிப் பட்டத்தைத் துறந்து வந்த மாநிலம் இது. அந்தச் சாதனையைக் குறைத்து மதிப்பிடுபவர்கள் அல்லர் நாங்கள். ஆனால் பெயரிலிருந்து போன சாதி முகவரியில் உட்கார்ந்துகொண்டது. தன்விவரக் குறிப்பில் பத்தாம் வகுப்பு எங்கே படித்தாய் என்ற வரிக்கு நேரே ‘அரசு ஆதிதிராவிடர் நல மேல்நிலைப் பள்ளி’ என்று எழுதுகிற பிள்ளைக்கு வேறு சாதிச் சான்றிதழ் தேவையா? விடுதி முகவரி, தெருப் பெயர், ஊர்ப் பெயருக்குப் பின்னால் வரும் ‘காலனி’ என்ற சொல், கல்வி உதவித்தொகை பெற்ற குறிப்பு, இவற்றுள் ஏதேனும் ஒன்று போதும். நேர்காணலில் ‘உங்க ஊர்ல எந்தப் பக்கம்?’ என்று கேட்பவருக்கு நில அமைப்பு பற்றிய ஆர்வம் எதுவும் கிடையாது.

அரசு இதை அறியாமல் இல்லை. 2023இல் நாங்குநேரியில் தலித் மாணவர் மீது சக மாணவர்கள் நடத்திய தாக்குதலுக்குப் பின் அமைக்கப்பட்ட நீதிபதி கே. சந்துரு தலைமையிலான ஒரு நபர் குழு, 2024 ஜூனில் அளித்த அறிக்கையில், பள்ளிப் பெயர்களில் உள்ள சாதி அடையாளங்களை நீக்கப் பரிந்துரைத்தது. 2025இல் அரசு ஆவணங்களிலிருந்து ‘காலனி’ என்ற சொல் நீக்கப்படும் என்று முதலமைச்சர் அறிவித்தார். மாணவர் விடுதிகளுக்குச் ‘சமூகநீதி விடுதிகள்’ என்று பெயர் சூட்டப்பட்டது. இவை வரவேற்கத்தக்கவை. ஆனால் ஏற்கெனவே படித்து முடித்தவரின் மாற்றுச் சான்றிதழிலும் மதிப்பெண் பட்டியலிலும் பழைய பெயரே இருக்கும். அவர் ஓய்வு பெறும் வரை அந்தத் தாளைத்தான் நீட்ட வேண்டும்.

பெரிய நிறுவனங்களில் முகமையையும் விளம்பரத்தையும் விட வலுவான வழி ஒன்று உண்டு. அங்கே பணிபுரிபவர் தமக்குத் தெரிந்தவரைப் பரிந்துரைப்பது. பரிந்துரைத்தவர் வேலையில் சேர்ந்தால் ஊழியருக்கு ஊக்கத்தொகையும் தரப்படுகிறது. முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு அலுவலகத்துக்குள்ளே யார் இருக்கிறார்கள்? சித்தப்பாவும் மாமாவும் அந்தக் கட்டடத்தின் கொத்தனாராகவோ துப்புரவுப் பணியாளராகவோ உள்ளே போய் வந்திருக்கலாம். அவர்கள் பரிந்துரை எந்தக் கணினியிலும் ஏறாது. சுரிந்தர் ஜோத்காவும் கேத்தரின் நியூமனும் டெல்லிப் பகுதி நிறுவனங்களின் மனிதவள மேலாளர்கள் 25 பேரை நேர்கண்டு 2007இல் எழுதியது இங்கே பொருந்தும். ஏறத்தாழ எல்லோருமே தகுதி ஒன்றையே பார்ப்பதாகச் சொன்னார்கள். அதே மூச்சில் விண்ணப்பதாரரின் குடும்பப் பின்னணியைக் கேட்பது இன்றியமையாதது என்றும் சொன்னார்கள். இரண்டுக்கும் இடையே முரண் இருப்பதாக அவர்களுக்குத் தோன்றவே இல்லை. 2012இல் வெளியான மற்றோர் ஆய்வு, நாட்டின் முன்னணி 1,000 நிறுவனங்களின் இயக்குநர் குழுக்களில் 92.6 விழுக்காட்டினர் முன்னேறிய சாதியினர் என்றும், பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் சேர்ந்து 3.5 விழுக்காடே என்றும் கணக்கிட்டது. தெரிந்தவர் தெரிந்தவரைக் கூட்டி வரும் வழியில் யார் வருவார்கள் என்பதற்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை.

ஒரே ஒரு துறையில் முகமைகள் நம்மைத் தேடிக் கண்டுபிடிக்கின்றன. துப்புரவுப் பணிக்கு ஆள் எடுக்கும் ஒப்பந்த நிறுவனங்களுக்குச் சேரிகளின் வழி நன்றாகத் தெரியும். இணையதளம் வேண்டாம், தன்விவரக் குறிப்பு வேண்டாம், சொந்த ஊர் எந்தப் பக்கம் என்ற கேள்வியும் வேண்டாம். 2025 ஆகஸ்டில் இராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணி தனியாரிடம் ஒப்படைக்கப்பட்டதை எதிர்த்துத் தொழிலாளர்கள் ரிப்பன் மாளிகை முன் 13 நாட்கள் அமர்ந்திருந்தனர். நள்ளிரவில் கைது செய்து அகற்றப்பட்டனர். அவர்கள் கேட்டது, மாநகராட்சியே தங்கள் முதலாளியாக இருக்க வேண்டும் என்பது. ஒப்பந்த நிறுவனம் வந்தால் பணிப் பாதுகாப்பு மட்டும் போவதில்லை; அரசியலமைப்புச் சட்டத்தின் 16(4)ஆம் உறுப்பு வழங்கிய இட ஒதுக்கீடும் மேற்பார்வையாளர், எழுத்தர் முதலிய மேல்நிலைப் பதவிகளுக்கு அங்கே பொருந்தாமல் போகிறது. குப்பை அள்ளும் இடத்தில் நூற்றுக்கு நூறும் அலுவலக அறையில் பூஜ்ஜியமும் என்ற நிலை எந்தச் சட்டத்தையும் மீறாமலே உருவாகிவிடும்.

இனிச் சட்டத்துக்கு வருவோம். 2025 நவம்பர் 21 அன்று நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன. 29 சட்டங்கள் அவற்றுள் அடங்கின. வேலை தேடுபவர் நோக்கில் அவற்றைப் படித்தபோது எங்களுக்குக் கிடைத்தவை இவை. ஊதியத் தொகுப்பு, ஆள் சேர்ப்பில் பாலினப் பாகுபாட்டைத் தடை செய்கிறது. இது 1976ஆம் ஆண்டுச் சம ஊதியச் சட்டத்தின் தொடர்ச்சி. சாதிப் பாகுபாடு பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஒப்பந்ததாரர் உரிமம் பெற வேண்டிய வரம்பு 20 தொழிலாளர்களிலிருந்து 50ஆக உயர்ந்துவிட்டது. காலியிடங்களை அரசுக்கு அறிவிக்கச் சொல்லும் 1959ஆம் ஆண்டுச் சட்டம் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புக்குள் போயிற்று. வேலைவாய்ப்பு அலுவலகம் ‘தொழில்வழி மையம்’ ஆயிற்று. அறிவித்த காலியிடத்தை அந்த அலுவலகம் வழியாகவே நிரப்ப வேண்டிய கட்டாயம் முதலாளிக்கு இல்லை என்ற பழைய விதி மட்டும் அப்படியே தொடர்கிறது. பதிவு அட்டையைப் புதுப்பிக்க ஆண்டுக்கணக்கில் வரிசையில் நின்ற நம் பெற்றோர் இந்த விதியை அறிந்திருந்தால் என்ன நினைத்திருப்பார்கள் என்று தெரியவில்லை.

முகமைகளைப் பொறுத்தவரை நிலைமை இன்னும் வேடிக்கையானது. வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் முகவர், 1983ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்தின்படி பதிவு செய்துகொள்ள வேண்டும். வேலை தேடுபவரிடம் 30,000 ரூபாயும் அதற்கான வரியும் தவிர வாங்கக் கூடாது. உள்நாட்டில் கடலூரிலிருந்து சென்னைக்கு ஆள் எடுக்கும் கன்சல்டன்சிக்கு இத்தகைய மத்தியச் சட்டம் எதுவும் இல்லை. சத்தீஸ்கர் 2013இல் ஒரு சட்டம் இயற்றியது, டெல்லி 2014இல் ஓர் ஆணை பிறப்பித்தது. இரண்டுக்கும் தூண்டுகோலாக இருந்தது பெரிதும் வீட்டு வேலைக்குப் பெண்களைக் கடத்துவது பற்றிய கவலை. தனியார் வேலைவாய்ப்பு முகமைகள் குறித்த பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 181ஆம் உடன்படிக்கை, சமூகப் பிறப்பின் அடிப்படையில் முகமை பாகுபாடு காட்டக் கூடாது என்றும், பொதுவாக வேலை தேடுபவரிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்றும் 1997இலேயே சொல்லிவிட்டது. இந்தியா அதை ஏற்கவில்லை. வேலையில் பாகுபாடு பற்றிய 111ஆம் உடன்படிக்கையை மட்டும் 1960இல் ஏற்றது. அதற்குரிய உள்நாட்டுச் சட்டத்தை இன்றுவரை இயற்றவில்லை.

அப்படியானால் கையில் ஒன்றுமே இல்லையா? இருக்கிறது, நாம் எடுக்கவில்லை. 1955ஆம் ஆண்டுக் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, தீண்டாமையின் பெயரால் ஒருவர் தொழில் செய்வதற்கோ ‘எந்த வேலையிலும்’ சேர்வதற்கோ தடை விதிப்பதைக் குற்றமாக்குகிறது. தடை என்பதில் பாகுபாடும் அடங்கும் என்று அப்பிரிவின் விளக்கமே சொல்கிறது. பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியினராயின், குற்றச் செயல் தீண்டாமை காரணமாகவே நடந்தது என்று நீதிமன்றம் முதற்கண் அனுமானிக்க வேண்டும் என்பது 12ஆம் பிரிவு. அப்படியில்லை என்று மெய்ப்பிக்கும் சுமை எதிர்த்தரப்புக்கு. நிறுவனங்கள் செய்யும் குற்றத்துக்கு 14ஆம் பிரிவு உண்டு. தண்டனை மிகச் சிறிது: ஒன்று முதல் ஆறு மாதம் வரை சிறை, 100 முதல் 500 ரூபாய் வரை அபராதம். ஆனால் 2015இல் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(இசட்ஏ) பிரிவு, பொதுமக்களுக்குத் திறந்திருக்கும் வேலை எதிலும் சேர விடாமல் பட்டியல் சாதியினரைத் தடுப்பதை ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை தண்டனைக்குரிய வன்கொடுமை ஆக்கியிருக்கிறது. இணையதளத்தில் எல்லோரும் காணும்படி விளம்பரம் செய்யப்பட்ட வேலை, பொதுமக்களுக்குத் திறந்த வேலைதான் என்பது எங்கள் வாதம். இப்பிரிவின்கீழ் ஆள் சேர்ப்புக்காகப் பதிவான முதல் தகவல் அறிக்கை ஒன்றைக்கூட எங்கள் பணிக்காலத்தில் நாங்கள் பார்த்ததில்லை.

இன்னொரு வாதமும் உண்டு. அரசியலமைப்புச் சட்டத்தின் 15(2) உறுப்பு, கடைகளுக்குள் நுழைவதைச் சாதி காரணமாகத் தடுக்கக் கூடாது என்கிறது. இது தனியாரையும் கட்டுப்படுத்தும். 1948 நவம்பர் 29 அன்று அரசியல் நிர்ணய அவையில், ‘கடை’ என்ற சொல் எதைக் குறிக்கும் என்று உறுப்பினர் எஸ். நாகப்பா கேட்டபோது, கட்டணத்துக்குச் சேவை வழங்க முன்வரும் எந்த இடத்தையும் அது குறிக்கும் என்ற விரிந்த பொருளை அண்ணல் அம்பேத்கர் அளித்தார். உச்ச நீதிமன்றம் 2011இல் இந்திய மருத்துவச் சங்க வழக்கில் அந்த விளக்கத்தை ஏற்று, தனியார் கல்வி நிறுவனங்களுக்கு அதைப் பொருத்தியது. அப்படியெனில் வேலைவாய்ப்பு முகமையும் வேலை இணையதளமும் கடைகள்தாம்.

சட்டம் இருந்தும் வழக்கு ஏன் இல்லை? சான்று இல்லை என்பதே பதில். அழைப்பு வராதவருக்குத் தாம் ஏன் விலக்கப்பட்டோம் என்பது தெரியாது. தமக்குப் பதில் யார் எடுக்கப்பட்டார் என்பதும் தெரியாது. தகவல் அறியும் உரிமைச் சட்டம் தனியாரைத் தொடாது. 2019ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்பு மசோதா, சாதியை நுண்ணுணர்வுத் தகவலாக வகைப்படுத்திக் கூடுதல் பாதுகாப்பு அளித்திருந்தது. 2023இல் நிறைவேறிய சட்டத்தில் அந்த வகைப்பாடே இல்லை. நம் சாதியும் நம் மின்னஞ்சல் முகவரியும் இப்போது ஒரே மதிப்புள்ள தகவல்கள்.

இந்தச் சூழலில்தான் முகமைப் படிவத்தின் சாதிக் கட்டம் நமக்கு முக்கியமாகிறது. மற்றவை எல்லாம் தொலைபேசியில் சொல்லப்பட்டுக் காற்றில் கரைபவை. இந்தக் கட்டம் மட்டும் எழுத்தில் இருக்கிறது. கேட்கத் தேவையில்லாத ஒன்றைக் கேட்டதற்கான சான்று அது.

இங்கே நம் இயக்கத்துக்குள்ளேயே ஒரு தயக்கம் இருப்பதை அறிவோம். சாதிவாரிக் கணக்கெடுப்பு வேண்டும் என்று ஒரு பக்கம் கேட்கிறோம். தனியார் நிறுவனங்கள் எத்தனை தலித்துகளுக்கு வேலை கொடுத்தன என்று வெளியிடச் சொல்கிறோம். பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட பெரிய நிறுவனங்கள் ஆண்டுதோறும் செபிக்கு அளிக்கும் பொறுப்பு அறிக்கையில் பெண்கள் எத்தனை பேர், மாற்றுத்திறனாளிகள் எத்தனை பேர் என்று இருக்கிறது. பட்டியல் சாதியினர் எத்தனை பேர் என்று இல்லை. அதைச் சேர்க்கச் சொல்லும் நாமே, படிவத்தில் சாதி கேட்காதே என்பது பொருந்துமா? பொருந்தும். வேலை கொடுத்த பின் எண்ணுவது வேறு. கொடுக்கும் முன் பார்ப்பது வேறு. தேர்ந்தெடுப்பவர் கண்ணில் படாமல், தனியே பெற்று, மொத்த எண்ணிக்கையாக மட்டும் அரசுக்கு அளிக்க வேண்டிய தகவல் அது. விடைத்தாளில் பெயரை மறைத்து எண் போட்டுத் திருத்தும் பல்கலைக்கழகங்கள் நிறைந்த மாநிலத்துக்கு இது புரியாத ஏற்பாடு அன்று.

தமிழ்நாடு அரசு மத்தியச் சட்டத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. முகமைகளைப் பதிவு செய்யவும், படிவத்தில் சாதி, மதம், தந்தை தொழில் கேட்பதைத் தடை செய்யவும், வேலை தேடுபவரிடம் வைப்புத்தொகை வாங்குவதை நிறுத்தவும், பெற்ற விண்ணப்பங்களையும் அனுப்பிய பட்டியலையும் குறிப்பிட்ட காலம் பாதுகாத்து வைக்கச் செய்யவும் ஒரு மாநிலச் சட்டம் போதும். கடைசியாகச் சொன்னது மிகவும் இன்றியமையாதது. அது இருந்தால்தான் ஒப்பிட்டுப் பார்க்க முடியும். மாநில அரசே ‘தமிழ்நாடு தனியார் துறை வேலை இணையம்’ நடத்துகிறது. அதில் விளம்பரம் செய்ய விரும்பும் நிறுவனங்களுக்கும் முகமைகளுக்கும் இவற்றை நிபந்தனையாக்கச் சட்டம்கூட வேண்டாம், ஓர் அரசாணை போதும்.

மாணவர்களுக்குச் சில நடைமுறைச் செய்திகள். முகமைக்கு முன்பணம் கொடுக்காதீர்கள். கட்டணம் தர வேண்டியது நிறுவனம். அசல் சான்றிதழ்களை யாரிடமும் விட்டு வராதீர்கள். தனியார் படிவத்தில் சாதி, மதம் கேட்கும் கட்டத்தை நிரப்ப வேண்டிய சட்டக் கடமை உங்களுக்கு இல்லை. நிரப்பாமல் படிவம் நகர மறுத்தால், அந்தத் திரையைத் தேதி, நேரம் தெரியும்படி படமெடுத்து வையுங்கள். இந்தத் தகவல் எதற்குத் தேவை என்று மின்னஞ்சலில் ஒரு வரி கேளுங்கள். பதில் வந்தாலும் சான்று, வராவிட்டாலும் சான்று. மின்னணு ஆவணத்தை நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய 2023ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவின்படி சான்றளிப்பு வேண்டும். ஆகவே அந்தக் கைப்பேசியைத் தொலைக்காமலும் அழிக்காமலும் வைத்திருங்கள். பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கென்றே மத்தியத் தொழிலாளர் அமைச்சகம் நாடு முழுவதும் 25 தொழில் வழிகாட்டல் மையங்களை நடத்துகிறது. சென்னையிலும் ஒன்று உண்டு. அங்கே கிடைக்கும் நேர்காணல் பயிற்சி கட்டணமற்றது, பலருக்குத் தெரியாதது.

புகாரை மாவட்டக் காவல்துறையின் சமூகநீதி மற்றும் மனித உரிமைகள் பிரிவிலும், மாநில ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் ஆணையத்திலும், உரிமையியல் நீதிமன்றத்தின் அதிகாரங்களைக் கொண்ட தேசியப் பட்டியல் சாதியினர் ஆணையத்திலும் அளிக்கலாம். தனியே அளித்தால் மூன்று இடத்திலும் ‘இதில் என்ன வன்கொடுமை இருக்கிறது?’ என்றே கேட்பார்கள். ஒரே முகமையின் படிவத்தைப் பத்துப் பேர் கொண்டுவந்தால் அந்தக் கேள்வியைக் கேட்பது கடினம்.

கடலூர்ப் பெண்ணின் பெயரில் அந்த முகமைக்கு நாங்கள் அறிவிப்பு அனுப்பினோம். ‘அது எங்கள் பழைய படிவம், வேறு நோக்கம் எதுவும் இல்லை’ என்று இரண்டு வரியில் பதில் வந்தது. வந்த பதிலையும் பழைய படிவத்தையும் சேர்த்துக் கோப்பில் வைத்திருக்கிறோம். அவர் இப்போது ஒரு பள்ளியில் தற்காலிகக் கணினி ஆசிரியராக இருக்கிறார். வேறு முகமைகளின் படிவங்களைத் தம் தோழிகளிடமிருந்து சேகரித்து அனுப்புகிறார். இதுவரை வந்தவற்றுள் ஒன்றில், சாதிப் பிரிவைக் கேட்டுவிட்டு, அடுத்த வரியிலேயே உட்பிரிவையும் கேட்டிருக்கிறார்கள்.